என்ஜின் வேலை முடிந்தது, ஆயில் பிரஷர் வரவில்லை: கேள்வி பதில்

என்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து (போர் போட்டு), கிராங்க் கிரைண்டிங் முடித்து ஏற்றிய பிறகு ஆயில் லைட் அணையவில்லை என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று. ஸ்டார்ட் ஆகி பத்து வினாடிக்குள் லைட் அணையவில்லையா, உடனே நிறுத்திவிடுங்கள். "கொஞ்சம் ரேஸ் கொடு, தானா ஏறிடும்" என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வார். கேட்காதீர்கள். புது பேரிங்கை ஆயில் இல்லாமல் ஓட்டினால் கிரைண்டிங் செலவு மொத்தமும் வீண்.

சார், மாருதி 800. ரிங், பேரிங் மாற்றி என்ஜினை ஏற்றியாச்சு. ஆயில் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது. மறுபடி இறக்கணுமா? (திருப்பூர்)

அவசரப்பட வேண்டாம். பிரஷர் உண்மையிலேயே இல்லையா, ஸ்விட்ச் பொய் சொல்கிறதா என்று முதலில் பாருங்கள். அந்த ஸ்விட்ச் ஏறக்குறைய 0.3 கிலோ பிரஷருக்குக் கீழே போனால் லைட்டைப் போடும், அவ்வளவுதான் அதன் வேலை. அதைக் கழற்றிவிட்டு அதே ஓட்டையில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டுங்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இக்னிஷன் காயிலுக்குப் போகும் கரண்டை மட்டும் துண்டித்துவிட்டு செல்ப் அடியுங்கள். கம்ப்ரஷன் இல்லாததால் பேரிங்கில் பாரம் விழாது.

முள் அசையவே இல்லையென்றால் பம்ப் காய்ந்து கிடக்கலாம். டீசலில் கழுவித் துடைத்து அப்படியே மாட்டிய பம்ப் காற்றைத்தான் சுற்றும், ஆயிலை இழுக்காது. மாட்டும்போதே பம்புக்குள் வாசலைன் அடைத்திருக்க வேண்டும். கிரீஸ் கூடாது, அது கரையாமல் போய் வழியை அடைக்கும். இப்போதைக்கு ஸ்விட்ச் ஓட்டை வழியாக ஆயில் கேனால் ஆயிலை உள்ளே செலுத்தி, ஃபில்டரையும் நிரப்பி மாட்டி இன்னொரு முறை செல்ப் அடியுங்கள்.

அப்போதும் வரவில்லையென்றால் சம்பை, அதாவது என்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியை, மட்டும் இறக்கினால் போதும். ஆயிலை வடிகட்டி இழுக்கும் ஸ்ட்ரெய்னர் பைப் பம்போடு சேரும் இடத்தில் ஒரு சின்ன ஓ-ரிங் இருக்கும். அதைப் போட மறந்தாலும், பழசையே போட்டாலும் பம்ப் காற்றை உறிஞ்சும். மறக்காதீர்கள் என்று சுசுகி சர்வீஸ் மேனுவல்களிலேயே தனியாக எச்சரிக்கும் அளவுக்கு அடிக்கடி மறந்துபோகிற சாமான் அது. சம்புக்கு சிலிக்கான் பேஸ்ட் அள்ளிப் பூசியிருந்தால் ஸ்ட்ரெய்னர் வலையையும் பாருங்கள். உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் உதிர்ந்து வலையில் ஒட்டியிருக்கும்.

அண்ணா, பழைய அம்பாசடர், 1489 சி.சி. பெட்ரோல். காலையில் ஸ்டார்ட் செய்தால் 50 பவுண்டு காட்டுது. இருபது கிலோமீட்டர் ஓடி சூடானதும் ஐடிலிங்கில் 5 பவுண்டுக்கு இறங்குது. பம்ப் புதுசு. (ஈரோடு)

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேதான் பம்ப் மேல் பம்ப் மாற்றிக் காசை இழக்கிறார்கள். பம்ப் ஆயிலைத் தள்ளத்தான் செய்யும். பேரிங் இடுக்கு வழியாக அந்த ஆயில் சுலபமாக வெளியேற முடியாமல் தடைபடுவதால்தான் பிரஷர் வருகிறது. ஹோஸ் பைப்பின் வாயை விரலால் மூடினால் தண்ணீர் பீய்ச்சுவது போலத்தான். குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் இடுக்கு அதிகமிருந்தாலும் தெரியாது. சூடாகி இளகியதும் குட்டு வெளிப்படும்.

இந்த என்ஜினுக்கு சூடான ஐடிலிங்கில் 15 பவுண்டாவது நிற்க வேண்டும். முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்து, லெவலும் ஏறியிருந்தால் ஏ.சி. பம்பின் (பெட்ரோல் பம்பைத்தான் சொல்கிறேன்) டயாப்ரம் கிழிந்து பெட்ரோல் சம்புக்குள் இறங்குகிறது. அதை மாற்றி, ஆயிலையும் மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை.

அடுத்து, பிரஷர் அதிகமானால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு. பிளாக்கின் இடது பக்கம் பின்னால், குமிழ் போன்ற ஒரு நட்டுக்குக் கீழே ஸ்பிரிங்கும் பிளஞ்சரும் இருக்கும். வண்டியில் வைத்தே கழற்றலாம். பிளஞ்சர் முகத்தில் கோடு விழுந்திருக்கிறதா, சீட்டில் கிரைண்டிங் தூசி ஏதும் உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். ஒரு துணுக்கு போதும், வால்வு முழுசாக மூடாமல் ஐடிலிங்கில் ஆயில் சம்புக்கே திரும்பிவிடும்.

இரண்டும் சரியென்றால் பேரிங்கின் மூடியை (கேப்) கழற்றியே ஆகணும். ஜர்னல், அதாவது கிராங்கில் பேரிங்குக்குள் சுற்றும் பகுதி. அதன் விட்டத்தில் ஒரு இஞ்சுக்கு ஆயிரத்தில் ஒரு இஞ்சு இடுக்கு என்பது பழைய கணக்கு. மெயின் ஜர்னல் 2 இஞ்சு என்பதால் ஆயிரத்தில் இரண்டு. பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் இழையை ஜர்னல் மேல் வைத்து, கேப்பை டார்க் ரெஞ்சால் இறுக்கி, கிராங்கைத் திருப்பாமல் கழற்றுங்கள். நசுங்கிய அகலத்தை உறையில் அச்சிட்ட அளவோடு ஒப்பிட்டால் இடுக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். பேரிங்கின் அரைவட்டத் தகட்டை (ஷெல்) திருப்பி முதுகையும் பாருங்கள். கிராங்கை ஆயிரத்தில் 20 இஞ்சு இறக்கிவிட்டு 10 பேரிங் போட்டிருந்தால் இடுக்கு ஆயிரத்தில் பத்து கூடிவிடும். டப்பா மேல் எழுதியிருப்பதை நம்பாதீர்கள், ஷெல்லில் அடித்திருக்கும் எண்தான் கணக்கு.

கேம்ஷாஃப்ட் புஷ்ஷை யாரும் யோசிப்பதில்லை. தேய்ந்த புஷ் வழியாகவும் பிரஷர் போகும். புதுசு போட்டிருந்தால் புஷ்ஷின் ஓட்டை பிளாக்கின் ஆயில் ஓட்டைக்கு நேராக இருக்கிறதா என்று லேத்காரரிடம் கேளுங்கள்.

சார், 20டபிள்யூ-50 ஆயிலோ, கெட்டியாக்கும் மருந்தோ ஊற்றினால் சரியாகிவிடுமா? (சேலம்)

அம்பாசடர் மாதிரி பழைய என்ஜினுக்கு 20டபிள்யூ-50 பொருத்தமான ஆயில்தான். ஆனால் அளவு தப்பிய பேரிங்கை எந்த ஆயிலும் சரி செய்யாது. புதிதாக வேலை பார்த்த என்ஜினில் மருந்து ஊற்றுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. கோளாறு மறையும், பேரிங் தேய்வது நிற்காது.

அண்ணை, மொறிஸ் மைனர். எஞ்சின் செய்யேக்க வேறொரு எஞ்சினில இருந்து கேம்ஷாஃப்ட் எடுத்துப் போட்டனாங்கள். ஓயில் துளியும் மேலே வரேல்ல. பம்ப் புதுசு. (யாழ்ப்பாணம்)

கேம்ஷாஃப்ட் மாற்றியதைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. அந்த ஏ-சீரிஸ் எஞ்சினில் பம்ப் பின்பக்கம், ஃப்ளைவீலுக்கு உள்பக்கமாக, கேம்ஷாஃப்டின் நுனியில் கோர்த்துச் சுற்றும். பின், ஸ்லொட், நட்சத்திரம் என்று அந்தக் கோர்வையில் பல வகை உண்டு. கேம்ஷாஃப்ட் ஒரு வகை, பம்ப் இன்னொரு வகை என்றால் பம்ப் சுற்றவே சுற்றாது. ஃபில்டர் யூனியனைத் தளர்த்தி செல்ப் அடித்துப் பாருங்கள். ஆயில் ஊற்றி பிரைம் செய்த பிறகும் ஒரு சொட்டு வரவில்லையென்றால் கியர்பொக்ஸ், கிளச், ஃப்ளைவீல் கழற்றி அந்த இணைப்பைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. கழற்றும்போது பம்பின் பேப்பர் கேஸ்கெட்டையும் கவனியுங்கள். அது மாறி உட்கார்ந்தால் ஆயில் துவாரத்தையே மூடிவிடும்.

சார், கேஜ் முள் நிற்காமல் ஆடுது. வளைவில் திரும்பினால் பூஜ்யத்துக்குப் போகுது. (மதுரை)

பம்ப் காற்றைக் குடிக்கிறது. லெவல் சரியாக இருக்கிறதா பாருங்கள். சரியென்றால் ஒரு சோதனை: ஒரு லிட்டர் ஆயில் கூடுதலாக ஊற்றி, வண்டியை நிறுத்தி வைத்தே சில நிமிடம் ஓட்டுங்கள். முள் நிலையாக நின்றால் ஆயிலை உறிஞ்சும் பிக்-அப் பைப்பில் மேல்பக்கம் விரிசலோ, கேஸ்கெட் லீக்கோ இருக்கிறது, கூடுதல் ஆயில் அதை மூழ்கடித்துவிட்டது. சோதனை முடிந்ததும் அந்த ஒரு லிட்டரை வடித்துவிடுங்கள்.

அண்ணா, டர்போ டீசல். பிளாக்கை கெமிக்கல் வாஷ் கொடுத்து எல்லாம் புதுசா போட்டோம். பிரஷர் 10 பவுண்டைத் தாண்டல. வெளியே ஒரு சொட்டு லீக் இல்லை. (கோவை)

வெளியே லீக் இல்லாததுதான் துப்பு. கெமிக்கல் வாஷுக்காக ஆயில் கேலரி (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் வழி) பிளக்குகளைக் கழற்றியிருப்பார்கள். அதில் ஒன்று திரும்ப மாட்டப்படவில்லை என்று நினைக்கிறேன். டைமிங் கவருக்கு உள்ளே இருக்கும் பிளக் என்றால் ஆயில் அங்கே கொட்டி நேராக சம்புக்குப் போய்விடும். பிஸ்டனுக்கு அடியில் ஆயில் பீய்ச்சும் ஜெட் உள்ள என்ஜின் என்றால் அவற்றையும் எண்ணிப் பாருங்கள். ஒரு ஜெட் விட்டுப்போனாலும் இதே கதைதான். கண்டுபிடிக்கும் வரை ஓட்டாதீர்கள், முதலில் போவது டர்போவாகத்தான் இருக்கும்.

சார், கேஜில் பிரஷர் நன்றாகவே இருக்கு, ஆனாலும் கீழே டக் டக்னு சத்தம். (திருச்சி)

உடனே நிறுத்துங்கள். பல என்ஜின்களில் மெயின் பேரிங்கின் மேல் ஷெல்லில்தான் ஆயில் ஓட்டை இருக்கும், கீழ் ஷெல்லில் இருக்காது. மாற்றிப் போட்டால் கேலரியில் ஆயில் தேங்கி கேஜ் ஜோராகக் காட்டும், அந்த ஜர்னலுக்கு ஒன்றும் போகாது. கிரைண்டிங்குக்குப் பிறகு கிராங்கின் உள் ஓட்டைகளைப் பிரஷ் விட்டுக் கழுவாமல் விட்டாலும் தூள் அடைத்து இப்படியே ஆகும்.

முதல் ஸ்டார்ட்டுக்குப் பிறகு எதைக் கவனிக்கணும், அண்ணா? (நாகர்கோவில்)

ஸ்பார்க் பிளக் இல்லாமல் செல்ப் அடித்து கேஜில் பிரஷர் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். சூடானதும் ஐடிலிங் அளவை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அடுத்த வாரம் குறைந்தால் அப்போதுதான் தெரியும். 500 கிலோமீட்டரில் ஆயிலோடு ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை அறுத்து, உள்ளே இருக்கும் பேப்பரை வெயிலில் விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் நைசான தூள் கொஞ்சம் இருந்தால் புது ரிங் உட்காருகிறது, பயப்பட வேண்டாம். ஒட்டாமல் வெள்ளி நிறத்திலோ செம்பு நிறத்திலோ மின்னும் செதில்கள் கிடந்தால் அது பேரிங். வண்டியை எடுக்காமல் சம்பை இறக்குங்கள்.