வீட்டில் ஆள் இருக்க, 'ஆள் இல்லை' என்று திரும்பும் பார்சல்

கேள்வி: வீரவநல்லூர் பக்கம் எங்கள் ஊர். ஆன்லைனில் மிக்ஸி வாங்கினேன், பணமும் முன்னதாகவே கட்டிவிட்டேன். நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தேன். சாயங்காலம், 'டெலிவரிக்கு வந்தோம், ஆள் இல்லை' என்று மெசேஜ். மறுநாளும் அதே. அப்புறம் பார்சல் திரும்பிப் போய்விட்டதாம். யாரைக் கேட்பது?

பதில்: வாங்கிய தளத்தைத்தான் கேட்க வேண்டும் அம்மா. 'கூரியரிடம் பேசுங்கள்' என்று கைகாட்டினால் விடாதீர்கள். நீங்கள் பணம் கட்டியது கூரியருக்கு அல்ல. போனில் பேசியதோடு நிறுத்தாமல் ஆப்பிலேயே எழுத்தில் புகார் போடுங்கள். அந்த மெசேஜையும், அன்றைக்கு உங்கள் போனுக்கு வந்த அழைப்புகளின் பட்டியலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணையுங்கள். வந்ததாகச் சொல்பவர் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை என்பது அதில் தெரிந்துவிடும்.

2020-இல் வந்த மின்வணிக விதிகளின்படி, தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கம்பெனி பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை.

டெலிவரிக்கு வரும் தம்பியை மட்டும் திட்டுவதில் நியாயம் பாதிதான். அவர்களில் பலருக்கு, கொடுத்து முடித்த பார்சலுக்குத்தான் காசு, பெட்ரோலும் அவர்கள் செலவு. ஒற்றைப் பார்சலுக்காக வாய்க்கால் கரையோரம் அஞ்சாறு கிலோமீட்டர் உள்ளே வந்து திரும்பினால் கட்டுப்படியாகாது, 'ஆள் இல்லை' என்று அமுக்கிவிடுகிறார்கள். அது தப்புதான். ஆனால் கூலியை அப்படி வைத்தது கம்பெனி. உங்கள் புகாரும் கம்பெனி மேலேயே இருக்கட்டும்.

அடுத்த தடவை விலாசத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். நம் பக்கத்தில் மேலத்தெரு, கீழத்தெரு இல்லாத ஊர் ஏது? ஒரே பின்கோடில் பல ஊர்கள் வேறு. '3/42, மேலத்தெரு' என்று மட்டும் போட்டால், வெளியூர்க்காரர் எந்த மேலத்தெருவுக்குப் போவார்? ஊர்ப் பெயரை முதலில் போடுங்கள். அப்புறம் 'வீரவநல்லூர் வழி' என்று சேருங்கள். 'கோயில் பக்கம்' என்பது போதாது, 'முப்பிடாதி அம்மன் கோயிலுக்கு எதிரே, நீலக் கேட்' என்று எழுதினால் வண்டியை நிறுத்தி யாரிடமும் கேட்டுவிடலாம். ஆப்பில் வரைபடக் குறியை வீட்டின் மேலேயே வையுங்கள். இரண்டாவது போன் நம்பரும் கொடுங்கள். டெலிவரி நாளில் தெரியாத நம்பர் என்று எடுக்காமல் இருந்துவிட வேண்டாம்.

கேள்வி: ராதாபுரம் பக்கம் எங்கள் ஊர். 'இந்தப் பின்கோடுக்கு டெலிவரி இல்லை' என்றே பல பொருட்களுக்கு வருகிறது. வேறு வழி உண்டா?

பதில்: அதே பொருளை வேறு விற்பனையாளர் விற்கிறாரா என்று பாருங்கள். ஆளுக்கு ஆள் கூரியர் மாறும். சேலை, விதை, புத்தகம் என்று சிறு வியாபாரிகளிடம் நேராக வாங்குகிறீர்கள் என்றால், 'ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள்' என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் தபால்காரருக்கு ஊரும் தெரியும், வீடும் தெரியும்.

மற்றதற்கு வள்ளியூரிலோ பாளையங்கோட்டையிலோ சொந்தக்காரர் வீட்டு விலாசம் கொடுக்கலாம். பஸ் ஸ்டாப் பெட்டிக்கடை அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்வதும் நடக்கிறது. சட்டை, செருப்புக்கு அது சரி. போன், லேப்டாப்புக்கு வேண்டவே வேண்டாம். அவர் கையில் கொடுத்ததுமே 'டெலிவரி ஆகிவிட்டது' என்று பதிவாகிவிடும். பெட்டிக்குள் சோப்புக்கட்டி இருந்தால் யார் பதில் சொல்வது? விலை கூடின பொருளை, டெலிவரிக்கு வந்தவர் எதிரிலேயே பெட்டியைத் திறந்து பார்க்க வழி இருந்தால்தான் ஆர்டர் போடுங்கள். திறக்கும்போது பக்கத்தில் ஒருவர் வீடியோ எடுக்கட்டும்.

கேள்வி: 'விலாசம் சரியில்லை, இந்த லிங்க்கில் 5 ரூபாய் கட்டினால் பார்சல் வரும்' என்று மெசேஜ் வந்திருக்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள், லிங்க்கைத் தொடவே வேண்டாம். 5 ரூபாய் சாக்கில் உங்கள் வங்கி விவரத்தைப் பிடுங்கும் மோசடி அது. ஆர்டர் எங்கே இருக்கிறது என்பதை வாங்கிய ஆப்பைத் திறந்து பாருங்கள். டெலிவரிக்கென்று வரும் ஓடிபியையும் பார்சல் கைக்கு வந்த பிறகுதான் சொல்ல வேண்டும், போனில் கேட்டால் சொல்லக் கூடாது. ஏற்கெனவே பணம் போய்விட்டிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் போடுங்கள், வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.