பட்டுப் பை வாங்கிய சிறுவன்

கேள்வி: சீனப் பேரரசரை விழுந்து வணங்க மறுத்ததால்தான் 1793-ல் போன ஆங்கிலேயத் தூதர் வெறுங்கையோடு திரும்பினாராமே, உண்மையா?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: அப்படித்தான் பலரும் சொல்கிறார்கள், அம்மா. நான் ஒப்புக்கொள்வதில்லை.

முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். இந்தப் பாடம் வந்தால் அந்த வணக்கத்தை மேடையில் நானே செய்துகாட்டுவேன். மூன்று முறை மண்டியிட வேண்டும். ஒவ்வொரு முறையும் மூன்று தடவை நெற்றி தரையில் பட வேண்டும். ஒன்பதாவது தடவை எழுந்திருக்கும்போது நெற்றியெல்லாம் சாக்பீஸ் தூசி. பிள்ளைகளுக்கு அந்தத் தூசிதான் ஞாபகம் இருக்கும்; தூதர் கொண்டுபோன கோரிக்கைகள் மறந்துபோகும். விஷயமே அந்தக் கோரிக்கைகளில்தான் இருக்கிறது.

தூதர் மெக்கார்ட்னி பிரபு சென்னைக்குப் பழக்கமானவர். 1781 முதல் 1785 வரை கோட்டையில் கவர்னராக இருந்தார். திப்பு சுல்தானோடு மங்களூர் உடன்படிக்கை பேசப் போனவர்களில் ஒருவரான ஸ்டான்டனைத்தான் சீனாவுக்கும் துணைக்கு அழைத்துப்போனார். அந்த உடன்படிக்கை நடந்த 1784-லேயே பிரிட்டன் தேயிலை வரியை 119 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாகக் குறைத்தது. வீட்டுக்கு வீடு தேநீர் வந்துவிட்டது. ஆனால் தேயிலை வாங்க, தென்சீனாவின் கான்டன் ஒன்றுதான் துறைமுகம். அங்கேயும் அரசு அனுமதி பெற்ற சில வணிகர்களிடம்தான் வாங்கலாம். பருவம் முடிந்தால் மூட்டை கட்டிக்கொண்டு போர்ச்சுக்கீசியர் வசமிருந்த மக்காவ் நகருக்குப் போய்விட வேண்டும். மனைவியைக் கூட்டிவரக் கூடாது.

அதனால் மெக்கார்ட்னி நிங்போ, ஜூஷான், தியான்ஜின் துறைமுகங்களைத் திறந்துவிடச் சொன்னார். பெய்ஜிங்கில் நிரந்தரமாக ஒரு தூதர் இருக்க வேண்டும் என்றார். ஜூஷானுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தீவையும் கேட்டார். வணக்கத்தில் சமரசம் ஆகிவிட்டது. பேரரசரின் கோடைக்கால அரண்மனை இருந்த ஜெஹோலில் அவர் ஒற்றைக் காலில் மண்டியிட்டார், பேரரசர் சியான்லாங் விருந்து வைத்தார். கேட்டது மட்டும் எதுவும் கிடைக்கவில்லை. விழுந்திருந்தால் கிடைத்திருக்குமா? 1795-ல் டச்சுத் தூதர்கள் பெய்ஜிங் போய், மறுப்பே சொல்லாமல் விழுந்து வணங்கினார்கள். அவர்களுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

கோட்டை கட்டக் கொஞ்சம் இடம் கேட்டு வந்தவர்கள் சென்னையில் எதில் கொண்டுபோய் முடித்தார்கள் என்று நமக்குத் தெரியும். தீவைத் தரமாட்டேன் என்ற பேரரசரை வெறும் கர்வி என்று எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தச் சபையில் ஸ்டான்டனின் 12 வயது மகனும் இருந்தான். வழியெல்லாம் சீன மொழி கற்றுக்கொண்டு வந்தவன். அவன் சீனத்தில் பேசியதைக் கேட்டு மகிழ்ந்த பேரரசர், தன் இடுப்பில் தொங்கிய பட்டுப் பையைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார்.

கேள்வி: தேயிலைக்கும் அபினிக்கும் என்ன சம்பந்தம்?
– டீக்கடை உரிமையாளர், தேனி

பதில்: சீனர்கள் தேயிலைக்குக் கேட்டது வெள்ளி. அதைக் கொடுத்து மாளவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி பீகாரில் அபினி விளைவித்து, கல்கத்தாவில் ஏலம் விட்டது. தனி வியாபாரிகள் அதைச் சீனாவுக்குக் கடத்தி வெள்ளியாக மாற்றினார்கள். அந்த வெள்ளி கான்டனில் கம்பெனி கஜானாவுக்கு வந்து தேயிலையாகக் கப்பலேறியது. சீனச் சட்டம் அபினியைத் தடை செய்திருந்தது.

1839-ல் லின் சேஷு என்ற அதிகாரி 20,000 பெட்டிக்கும் மேல் அபினியைப் பறிமுதல் செய்தார். ஹூமென் கடற்கரையில் பெரிய பள்ளங்கள் வெட்டி, அபினி உருண்டைகளை உடைத்துப் போட்டு, உப்பும் சுண்ணாம்பும் கலந்து கரைத்துக் கடலில் விட்டார்கள். வேலை மூன்று வாரம் நடந்தது. தொடங்கும் முன் லின் கடல் தெய்வத்துக்கு வழிபாடு செய்து, இந்த விஷம் வரப்போகிறது, உன் மீன்களைக் கொஞ்ச காலம் விலகியிருக்கச் சொல் என்று வேண்டிக்கொண்டார். வகுப்பில் இதைச் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் என் தொண்டை அடைக்கும்.

கேள்வி: அபினிப் போருக்கு நம் பக்கத்து ஆட்களும் போனார்களா?
– ஓய்வு பெற்ற ராணுவ வீரர், வேலூர்

பதில்: போனார்கள், ஐயா. அந்தப் பறிமுதலைக் காரணம் காட்டி பிரிட்டன் சீனா மேல் தொடுத்த போர் அது. 37-வது மதராஸ் காலாட்படை. 1841 மே கடைசியில் கான்டனுக்கு வெளியே சான்யுவான்லி கிராமத்தருகே, கொட்டும் மழையில் அதன் ஒரு சிறு பிரிவு தனியாக மாட்டிக்கொண்டது. வெடிமருந்து நனைந்து துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. ஈட்டியும் மண்வெட்டியுமாகக் கிராமத்தார் சூழ்ந்துகொண்டார்கள். இவர்கள் சதுரமாக அணிவகுத்து, துப்பாக்கி முனைக் கத்தியை நீட்டிக்கொண்டே உதவி வரும்வரை நின்றார்கள். யாருடைய தேயிலைக்காகவோ இரண்டு பக்கமும் விவசாயி மகன்கள்.

கேள்வி: இந்த அநியாயத்தைப் பிரிட்டிஷ் பார்லிமென்டில் யாருமே தட்டிக் கேட்கவில்லையா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: கேட்டார்கள். 1840 ஏப்ரலில் அரசின் மீது கண்டனத் தீர்மானம் வந்தது. பின்னாளில் பிரதமரான, அப்போது 30 வயதான கிளாட்ஸ்டன் போரைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார். சீனாவை நேரில் பார்த்து, சீனமும் தெரிந்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, போர் நியாயமானதுதான் என்றார். அவருக்கு 58 வயது. பெயர் ஜார்ஜ் தாமஸ் ஸ்டான்டன். பேரரசரிடம் பட்டுப் பை வாங்கிய அதே சிறுவன். தீர்மானத்துக்கு 262 ஓட்டு, எதிராக 271. ஒன்பது ஓட்டில் தோற்றது.