பதினாறாவது எழுத்து

அன்புள்ள ஐயா,

நூர் இனாயத் கானைப் பற்றிச் சமீபத்தில் படித்தேன். திப்பு சுல்தானின் வழிவந்த ஒரு பெண், இரண்டாம் உலகப் போரின்போது பாரிஸில் தலைமறைவாக இருந்து பிரிட்டிஷ் ரகசிய அமைப்பான எஸ்.ஓ.இ.க்காக வயர்லெஸ் இயக்கியது பெருமையாக இருக்கிறது. அந்த வீரம் ரத்தத்தில் வந்ததுதானே? பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கம் நேச நாட்டுப் படைகளுக்கு உண்மையிலேயே உதவியதா, அல்லது பின்னால் ஊதிப் பெருக்கியதா? எத்தனை ஜெர்மானியரைக் கொன்றார்கள்? நூர் பிடிபட்ட பிறகும் அவர் பெயரில் செய்திகள் போயினவாம். லண்டன் தன் ஆட்களை வேண்டுமென்றே காவு கொடுத்ததா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கொஞ்ச நாளாக இந்த வயர்லெஸ் ஆட்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் இந்தப் பதில். இல்லையென்றால் ரத்தம் என்ற சொல்லைப் பார்த்ததுமே கடிதத்தை மூடிவைத்திருப்பேன்.

திப்புவை விட்டுவிடுங்கள். ரத்தம் மோர்ஸ் அடிக்காது. நூர் அந்த வேலையை பிரிட்டிஷ் விமானப்படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்து, விரல் பழகும்வரை அடித்துக் கற்றுக்கொண்டார். அந்த உழைப்பைப் பிடுங்கி முப்பாட்டனுக்குக் கொடுப்பது என்ன மரியாதை? எத்தனை பேரைக் கொன்றார்கள் என்ற கணக்குக்கும் நான் வரவில்லை. தலைமறைவு இயக்கத்தின் வேலை அதுவல்ல.

உதவினார்களா என்றால், உதவினார்கள். 1944 ஜூனில் நார்மண்டியில் படை இறங்கியபோது பிரான்சின் தெற்கே மோந்தோபான் பக்கம் ஜெர்மானியரின் ‘தாஸ் ரைஷ்’ டாங்கிப் படை இருந்தது. டாங்கிகளை ஏற்றிச்செல்லும் தட்டை வேகன்களின் அச்சு எண்ணெயை முன்பே உறிஞ்சி எடுத்துவிட்டு, கார்பரண்டம் என்ற அராவும் தூள் கலந்த கிரீஸைப் பூசி வைத்திருந்தார்கள். ஓடத் தொடங்கினால் அச்சு தேய்ந்து இறுகிவிடும். டாங்கிகளைச் சாலையில் ஓட்டவேண்டி வந்தது. சங்கிலித் தடமும் எரிபொருளும் வழியிலேயே தீர்ந்தன. தொலைபேசிக் கம்பிகளையும் வெட்டினார்கள். கம்பி போனால் ஜெர்மானியர் வானொலியில் பேசியாக வேண்டும், அதை பிரிட்டன் ஒட்டுக்கேட்டுச் சங்கேதத்தை உடைக்கும். இதற்கெல்லாம் விலையும் இருந்தது. அந்தப் படை போகிற வழியில் துல் நகரில் 99 பேரைத் தூக்கிலிட்டது, மறுநாள் ஒராதூர் கிராமத்தில் 640க்கும் அதிகமானோரைக் கொன்றது.

ஆனால் எதை, எப்போது உடைப்பது என்று லண்டன் சொல்லவேண்டும். ஆயுதம் எந்த வயலில், எந்த இரவில் விழவேண்டும் என்று பிரான்சிலிருந்து கேட்கவேண்டும். எல்லாமே வயர்லெஸ் செட் வைத்த ஒரு சூட்கேஸ் வழியாகத்தான். அதிகம் பயன்பட்ட பி-2 செட் ஏறக்குறைய 15 கிலோ. கையில் தூக்கிக்கொண்டு ரயிலில் போகவேண்டும், கனம் முகத்தில் தெரியக்கூடாது. சுமார் 20 மீட்டர் ஏரியல் கம்பியை வீட்டுக்குள் மறைத்துக் கட்டவேண்டும். அலைவரிசைக்கு ஒன்று என்று தனித்தனி குவார்ட்ஸ் படிகம்; கீழே விழுந்தால் அந்த அலைவரிசை போயிற்று.

சங்கேதத்துக்கு ஒரு கவிதையை மனப்பாடம் செய்திருப்பார்கள். அதிலிருந்து ஐந்து சொற்களை எடுத்து, எழுத்துகளுக்கு அகரவரிசைப்படி எண் போட்டு, அவற்றின் கீழே செய்தியை வரிவரியாக எழுதி, எண் வரிசையில் பத்தி பத்தியாகப் பிரித்து எடுப்பார்கள். பிறகு இன்னொரு முறை அதே வேலை. இந்த முறை பத்திரமாக இருக்கவேண்டுமானால் செய்தியில் குறைந்தது 200 எழுத்தாவது வேண்டும். 200 எழுத்து என்றால் அதிக நேரம் காற்றில் இருக்கவேண்டும். அலை வரும் திசையைக் கண்டுபிடிக்கும் எதிரியின் வண்டிக்குத் தேவைப்பட்டதும் அந்த நேரம்தான். வண்டி தெருவரைக்கும் வந்துவிடும். பிறகு ஒவ்வொரு கட்டடமாக மின்சாரத்தை நிறுத்துவார்கள். எங்கே நிறுத்தும்போது மோர்ஸ் நிற்கிறதோ அந்தக் கட்டடம். இதற்காகவே விவரமானவர்கள் 6 வோல்ட் பேட்டரியில் ஓட்டினார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். செட்டோடு ஆள் பிடிபட்டால் லண்டனுக்கு எப்படித் தெரியும்? அதற்குத்தான் சோதனைக் குறி. செய்தியில் குறித்த ஓர் இடத்தில் வேண்டுமென்றே செய்யும் பிழை. அடி தாங்காமல் சொல்வதற்கென்று ஒரு பொய்க் குறி, சாகும்வரை சொல்லக்கூடாத ஒரு மெய்க் குறி என்று பலருக்கு இரண்டு உண்டு. மெய்க் குறி வராவிட்டால் ஆள் எதிரியின் கையில்.

ஹாலந்தில் எஸ்.ஓ.இ.யின் வயர்லெஸ் ஆள் ஹ்யூப் லாவர்ஸ் என்பவருக்குப் பதினாறாவது எழுத்தில் பிழை செய்யவேண்டும் என்று விதி. 1942 மார்ச் 6 அன்று ஹேக் நகரில் பிடிபட்டார். ஜெர்மானியர் அனுப்பச் சொன்னதும் ஒப்புக்கொண்டார், பிழை இல்லாமல் அனுப்பினார். லண்டன் கண்டுகொள்ளும் என்று நம்பினார். லண்டன் சாதாரணமாகப் பதில் அனுப்பியது. அந்த மாத இறுதியிலேயே அடுத்த ஆள் பாராசூட்டில் இறங்கினார், ஜெர்மானியர் நின்றுகொண்டிருந்த வயலில். அடுத்த ஓராண்டுக்கு மேல் இதேதான். 50க்கும் அதிகமானோர் அகப்பட்டார்கள், பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள்.

லண்டன் சொன்ன சமாதானம்: அலையில் இரைச்சல் அதிகம், எழுத்து சிதைந்திருக்கும், ஆட்கள் அவசரத்தில் குறியை மறப்பதுண்டு. சரி, ஒருமுறை மறக்கலாம். விதி வைப்பதே அது மீறப்படும்போது கவனிக்கத்தானே? கவனிக்க மாட்டீர்கள் என்றால் அந்தப் பையனுக்கு எதற்கு அதைக் கற்றுக்கொடுத்தீர்கள்? சங்கேதப் பிரிவில் லியோ மார்க்ஸ் என்ற இளைஞர் ஒருவர் மட்டும் வேறுவழியில் மோப்பம் பிடித்தார். பயத்தில் எழுதுகிறவர் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டாலும் செய்தி முழுவதும் குழம்பிவிடும்; எல்லா நாடுகளிலிருந்தும் அப்படிப்பட்ட செய்திகள் வந்துகொண்டே இருந்தன. ஹாலந்திலிருந்து மட்டும் வரவில்லை. நிதானமாக மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்குத்தான் அது முடியும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். யார் காதிலும் ஏறவில்லை.

பாரிஸில் இன்னும் மோசம். நூர் 1943 ஜூனில் போய்ச் சேர்ந்த சில நாட்களில் அவருடைய குழுவே சிக்கியது. அதன் வயர்லெஸ் ஆள் கில்பர்ட் நார்மன் பெயரில் ஜெர்மானியர் அனுப்பிய செய்தியில் மெய்க் குறி இல்லை. லண்டன் என்ன செய்தது தெரியுமா? மெய்க் குறியை மறந்துவிட்டாயே, இனிக் கவனமாக இரு என்று கண்டித்துப் பதில் அனுப்பியது. அப்படி ஒன்று இருப்பதையே எதிரிக்குச் சொல்லிக்கொடுத்தது!

நூர் திரும்பிவர மறுத்து, இடம் மாறி மாறி அக்டோபர் வரை தாக்குப்பிடித்தார். அனுப்பிய செய்திகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதை எரித்திருக்கவேண்டும், அது அவர் தவறு. விசாரணையில் அவர் ஒன்றும் சொல்லவில்லை, அந்த நோட்டு சொல்லிவிட்டது. 1944 பிப்ரவரி கடைசியில் எஸ்.ஓ.இ.யின் மாதலேன் டாமர்மோனும் இரண்டு தோழர்களும், நூர் பெயரில் ஜெர்மானியர் ஓட்டிய செட்டின் பேச்சை நம்பி ஷார்த்ர் அருகே குதித்து, இறங்கிய இடத்திலேயே பிடிபட்டார்கள். நூரும் மாதலேனும் செப்டம்பர் 13 அன்று ஜெர்மனியின் டாகாவ் வதைமுகாமில் ஒன்றாகச் சுடப்பட்டார்கள்.

காவு கொடுத்தார்களா என்கிறீர்கள். சதி என்றால் அதற்கு யோசித்திருக்கவேண்டும், எஸ். டச்சு நாடாளுமன்ற விசாரணைக் குழு போருக்குப் பின் விசாரித்து, துரோகம் இல்லை, தவறுகள்தான் என்றது. 1943 ஆகஸ்டு கடைசியில் ஹாலந்தில் அகப்பட்டவர்களில் டூர்லைன், உபிங்க் என்ற இருவர் ஹாரன் சிறையிலிருந்து தப்பி ஸ்விட்சர்லாந்து போய், ஹாலந்தில் நடப்பது அத்தனையும் ஏமாற்று என்று உடைத்துச் சொன்னார்கள். அதற்குள் ஜெர்மானியர், அவ்விருவரும் ஜெர்மனி பக்கம் மாறிவிட்டார்கள் என்று பிடிபட்ட செட் ஒன்றின் வழியாகவே சேதி அனுப்பியிருந்தார்கள். 1944இல் இங்கிலாந்து வந்து சேர்ந்த இருவரையும் லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் அடைத்தது.