முதல் வருட பி.ஜி. - கடிதமும் பதிலும்

அன்புள்ள டாக்டருக்கு,

என் மகள் எம்.டி. குழந்தை மருத்துவம் முதல் வருடம் சேர்ந்து சில மாதங்கள் ஆகின்றன. போனில் பேசினாலே அழுகிறாள். ரத்தம் எடுப்பது, கேஸ் ஷீட் எழுதுவது, லேபுக்கு ஓடுவது, இதுதான் நாள் முழுக்க வேலையாம். தூக்கமே கிடையாது. "நீட் பி.ஜி.க்கு அவ்வளவு படித்தது இதற்குத்தானா அப்பா?" என்கிறாள். மூன்று வருடமும் இப்படியேதானா? நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். இந்தப் படிப்பு எப்படி நகர்கிறது என்றே எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு தந்தை, விருதுநகர் மாவட்டம்

அன்புள்ள ஐயா,

இப்படியே இருக்காது. டெங்கு வார்டை வைத்துச் சொல்கிறேன், நம் ஊரில் எந்தக் குழந்தை மருத்துவரும் அதைத் தாண்டித்தான் வரவேண்டும்.

டெங்குவில் காய்ச்சல் விட்டதும் பெற்றோர் நிம்மதியாகிவிடுவார்கள். ஆபத்து தொடங்குவது பெரும்பாலும் அப்போதுதான். ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும், ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். அந்த நேரத்தில் நாடி, ரத்த அழுத்தம், சிறுநீர் எல்லாவற்றையும் மணிக்கொரு முறை பார்த்துக் குறிக்க வேண்டும். அதைச் செய்பவர் முதல் வருட பி.ஜி. மாணவர்தான். ரத்த அழுத்தத்தின் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் உள்ள இடைவெளி 20க்குச் சுருங்கினாலோ கைகால் சில்லிட்டாலோ உடனே சீனியரைக் கூப்பிட வேண்டும். குழந்தை எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டுகூட இருக்கலாம். 'இந்தக் குழந்தை சரியில்லை' என்று அப்போதும் ஒருவருக்குத் தோன்றுகிறதே, அது வருவதற்கு அதே குழந்தையை ராத்திரி முழுக்கத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். உங்கள் மகள் இப்போது கற்றுக்கொண்டிருப்பது அதைத்தான். பச்சிளங்குழந்தையின் நூல் போன்ற நரம்பில் வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்றும் ஊசிக்குழாய்) போடுவதும் அப்படித்தான், போட்டுப் போட்டுத்தான் கை பழகும்.

இரண்டாம் வருடம் ஜூனியரின் அந்த அழைப்பு உங்கள் மகளுக்கு வரும். டிரிப்ஸை எவ்வளவு கூட்டுவது, ஐ.சி.யூ.வுக்கு மாற்றுவதா என்று அவர் முடிவெடுத்துவிட்டு அசிஸ்டென்ட் புரொஃபசரிடம் சொல்ல வேண்டும். நடுவில் தீசிஸ் (ஆய்வேடு) வேலை வேறு. மூன்றிலிருந்து ஐந்தாம் செமஸ்டருக்குள் மாவட்ட மருத்துவமனையில் மூன்று மாதம் பணியாற்றுவதும் இப்போது கட்டாயம். பலர் அதைத் தண்டனையாக நினைக்கிறார்கள், எனக்கு அது பொக்கிஷம். எல்லாப் பரிசோதனையும் கைக்கெட்டாத இடத்தில்தான் கண்ணும் கையும் கூர்மையாகும்.

மூன்றாம் வருடம் டிரிப்ஸை எப்போது நிறுத்துவது என்று தெரிய வேண்டும். கசிந்த நீர் தானாகவே குழாய்க்குள் திரும்பும் கட்டம் ஒன்று உண்டு. அப்போதும் டிரிப்ஸை ஓடவிட்டால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். அப்புறம், ஜூனியர் நரம்பு கிடைக்காமல் தடுமாறும்போது ஊசியைப் பிடுங்காமல் பக்கத்தில் நிற்கவும் பழக வேண்டும். பெற்றோரிடம் கெட்ட செய்தி சொல்வதும் பெரும்பாலும் இந்த வருடத்தில்தான் கைக்கு வருகிறது. தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே தீசிஸைக் கொடுத்துவிட வேண்டும் என்பதால் படிக்கவும் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

ஆனால் தூக்கமின்மையைப் பயிற்சியின் பகுதி என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். குழந்தைக்கு ஒவ்வொரு மருந்தும் எடைக்குக் கணக்கிட்டுத்தான். ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு. விடிய விடிய விழித்தவரிடம் அந்தக் கணக்கை ஒப்படைப்பது குழந்தைக்குச் செய்யும் அநியாயம். தொடர்ந்து 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பை மத்திய அரசு 1992லேயே உத்தரவாகப் போட்டது. பெரும்பாலான வார்டுகளில் அது காகிதத்தோடு சரி. 2023ல் வந்த முதுநிலை விதிகளோ 'நியாயமான பணி நேரம்' என்பதோடு நிறுத்திக்கொண்டன. 'நாங்களும் அப்படித்தான் வந்தோம்' என்று சொல்லும் சீனியர்களை என்னால் ஏற்க முடியவில்லை. ஆள் போட வேண்டிய இடத்தில் ஒரு மாணவியை நிறுத்தியிருக்கிறார்கள் என்பதே உண்மை.

நீங்கள் செய்யக்கூடியது உண்டு. டியூட்டி முடிந்த அன்று போன் பேச வற்புறுத்தாதீர்கள், தூங்கட்டும். நைட் டியூட்டி முடித்துவிட்டு ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், ஆட்டோவுக்குப் பணம் அனுப்புங்கள். அழுகை மாதக்கணக்கில் நீண்டாலோ, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றாலோ தாமதிக்காமல் நேரில் போய்ப் பாருங்கள். மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகத் தயங்க வேண்டாம். லீவு போடுவதால் படிப்பு கெட்டுவிடாது. மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.