வாடகைக்கு விட்ட வீட்டில் கஞ்சா விற்பனை: வீட்டுக்காரர் சிக்குவாரா?

கேள்வி: கும்பகோணத்தில் அப்பா கட்டிய வீட்டை ஒரு வருடமாக வாடகைக்கு விட்டிருக்கிறேன். நான் குவைத்தில் வேலை பார்க்கிறேன். வாடகையை வாங்குவது, வீட்டைப் பார்த்துக்கொள்வது எல்லாம் சித்தப்பா. பொழுது சாய்ந்தால் பைக்குகள் வருவதும் போவதுமாக இருக்கின்றன, கஞ்சா விற்பது போலத் தெரிகிறது என்று எதிர்வீட்டு அக்கா போனில் சொன்னார். வீட்டுக்கு சீல் வைத்துவிடுவார்களா? எங்கள் மீதும் வழக்கு வருமா? உடனே காலி செய்யச் சொல்லலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இப்போது காலி செய்யச் சொல்லாதீர்கள். "என்னப்பா நடக்குது அங்கே?" என்று குடியிருப்பவரிடம் கேட்கவும் வேண்டாம். நீங்கள் கேட்ட அன்றே சரக்கு வேறு வீட்டுக்குப் போய்விடும். உங்களுக்கு விஷயம் தெரியும் என்பதற்கான சாட்சி மட்டும் அவர் போனில் தங்கும்.

இந்த "தெரியும்" என்பதில்தான் உங்கள் தலையெழுத்தே இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் (பேச்சுவழக்கில் என்.டி.பி.எஸ்.) 25ஆவது பிரிவு, ஓர் இடத்தைக் குற்றத்துக்குப் பயன்படுத்தத் தெரிந்தே விட்டவரைத் தண்டிக்கிறது. பட்டாவில் பெயர் உள்ளவர் மட்டும் இதில் வருவதில்லை. அங்கே குடியிருப்பவர், வீட்டைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவர் எல்லோரும் வருவார்கள். சாவியும் வாடகையும் சித்தப்பா கையில் இருப்பதால் அவரும் இந்த வரம்புக்குள்தான். தண்டனையும் தனியாக இல்லை, உள்ளே நடந்த குற்றத்துக்கு என்னவோ அதுவே. கஞ்சா 1 கிலோ வரை என்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1 கிலோவுக்கு மேல் 20 கிலோவுக்குள் என்றால் 10 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் வரை அபராதமும். அதற்கும் மேலே வணிக அளவு: குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு, அபராதம் 1 லட்சம் முதல் 2 லட்சம் வரை. மெத்தம்பெட்டமின் என்ற செயற்கைப் போதைப்பொருள் என்றால் 50 கிராமே வணிக அளவு.

எதுவும் தெரியாமல் வாடகைக்கு விட்டவரை 25ஆவது பிரிவு தொடாது. ஆனால் அக்காவின் போன் வந்த நிமிடத்திலிருந்து "எனக்கு எதுவுமே தெரியாது" என்று நீங்கள் சொல்ல முடியாது. போதாததற்கு இதே சட்டத்தின் 35ஆவது பிரிவு, குற்ற மனநிலை இருந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும் என்கிறது. இல்லை என்று நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவருடையது. ஆகவே, தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள் என்பதற்குத் தேதி போட்ட காகிதம் ஒன்று வேண்டும். நீங்கள் செய்ய வேண்டிய எல்லாவற்றிலும் முதன்மையானது இதுதான்.

உங்களுக்கும் அக்காவுக்கும் வழி ஒன்றல்ல என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தேவை ரகசியம். அவர் மாநில மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் 10581 எண்ணிலோ, தேசிய அளவிலான 1933 எண்ணிலோ பெயர் சொல்லாமல் தகவல் தரலாம். தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி அதிகாரியை யாரும் கட்டாயப்படுத்த முடியாது என்று 68ஆவது பிரிவு காப்பு தருகிறது. உங்களுக்கோ பதிவு தேவை. பெயர் சொல்லாத போன் உங்களுக்கு எந்தக் காகிதத்தையும் தராது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் மனு அனுப்புங்கள். அதே மனுவைச் சித்தப்பா நேரில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கட்டும். உள்ளூர் நிலையத்தில் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் டி.எஸ்.பி. அலுவலகத்தில் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். படி குற்றத் தகவலை மின்னணு வழியிலும் தரலாம். முறையாகப் பதிவாக வேண்டுமானால் தந்தவர் 3 நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். குவைத்திலிருந்து அது நடக்காது என்பதால்தான் சித்தப்பாவின் கையெழுத்தும் அவசியம்.

மனுவில் "கஞ்சா விற்கிறார்கள்" என்று தீர்ப்பு எழுதாதீர்கள். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை ஆள் வருகிறார்கள், வந்தவர் வாசலில் எத்தனை நிமிடம் நிற்கிறார், உள்ளே போகிறாரா, ஜன்னல் வழியாகவே கைமாறுகிறதா, எந்த வண்டி திரும்பத் திரும்ப வருகிறது. குப்பையில் கிழித்துப் போட்ட பிரவுன் டேப் சுருள், விரல் நீள ஜிப் கவர்கள், பகலிலும் ஓயாத சாம்பிராணிப் புகை ஆகியவை தனித்தனியாக ஒன்றும் இல்லை. மூன்றும் சேர்ந்து கண்ணில் பட்டால் எழுதத்தான் வேண்டும். அக்கா தன் திண்ணையிலிருந்து கண்ணில் படுவதைச் சொன்னால் போதும், போனைத் தூக்கி வீடியோ எடுக்க வேண்டாம். பொறாமையில் பொய்த் தகவல் கொடுத்துச் சோதனையோ கைதோ நடந்தால், கொடுத்தவருக்கு 2 ஆண்டு வரை சிறை என்று என்.டி.பி.எஸ். சட்டத்தின் 58ஆவது பிரிவு சொல்கிறது. உள்நோக்கம் இல்லாமல் கண்டதைச் சொன்னவர் அதற்குப் பயப்படத் தேவையில்லை.

மனுவோடு வீட்டின் வரைபடம் ஒன்றைக் கையால் வரைந்து இணையுங்கள். பலர் இதை யோசிப்பதே இல்லை. நம் பக்கத்துப் பழைய வீடுகள் அகலத்தைவிட நீளம் அதிகம். வாசல், ரேழி, முற்றம், இரண்டாம் கட்டு என்று போய் கொல்லைக் கதவு பின் சந்திலோ வாய்க்கால் கரையிலோ திறக்கும். பக்கத்து வீட்டோடு சுவர் பொதுவாக இருந்தால் மொட்டை மாடி வழியாகவும் தாண்டிப் போகலாம். போலீஸ் வாசலில் நிற்கும்போது சரக்கு கொல்லை வழியாகப் போனால் சோதனை வெறுங்கையோடு முடியும். பரண், உபயோகிக்காத நெல் குதிர், மூடிய கிணறு இருந்தால் அதையும் குறித்துக் கொடுங்கள்.

மனு கொடுத்த மறுநாளே ஜீப் வரவில்லை என்று பதற வேண்டாம். வீட்டுக்குள் நுழைவதற்கு என்.டி.பி.எஸ். 42ஆவது பிரிவில் கறாரான நடைமுறை இருக்கிறது. தகவலை எழுத்தில் பதிய வேண்டும், நகலை 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். வாரண்ட் இல்லாமல் நுழைவது சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் நடுவில்தான். இரவில் நுழைந்தால் வாரண்டுக்கு ஏன் காத்திருக்க முடியவில்லை என்று காரணம் எழுத வேண்டும். பி.என்.எஸ்.எஸ். படி சோதனையை வீடியோவும் எடுக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார். வழக்கு பல ஆண்டு இழுத்துவிட்டுக் கடைசியில் விடுதலையில் முடிவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அதுவரை சித்தப்பா எந்தக் காரணத்துக்காகவும் பூட்டைத் திறந்து உள்ளே போய்ப் பார்க்கக் கூடாது. உள்ளே இருந்த பொட்டலத்தை எடுத்து அரசலாற்றில் வீசிவிட்டு வந்தால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. கையில் எடுத்த நொடியில் அவர் வைத்திருந்தவர் ஆகிறார், வீசிய நொடியில் சாட்சியத்தை அழித்தவர் ஆகிறார். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதும் சட்டவிரோதம். எல்லாவற்றையும்விட மோசம், வாயை மூடிக்கொள்ள வாடகையைக் கூட்டி வாங்குவது. அந்தத் தெருவில் 6,000 போகும் வீட்டுக்கு 15,000 வாங்கினால் தெரிந்தே விட்டதற்கு அதுவே சாட்சி.

பிடிபட்டவர் "ஓனருக்கும் தெரியும்" என்று போலீஸிடம் சொன்னால்? அந்த வாக்குமூலம் மட்டும் உங்களைத் தண்டிக்கப் போதாது. போதைப்பொருள் வழக்கு அதிகாரிகளிடம் தரப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாகக் கொள்ள முடியாது என்று 2020 அக்டோபரில் தூஃபான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். ஆனால் விசாரணைக்கு உங்களை அழைக்க அந்த ஒரு பெயர் போதும். அப்போது ஒப்புகைச் சீட்டை எடுத்து நீட்ட வேண்டியிருக்கும்.

சீல் பற்றி: சோதனை முடிந்ததும் வீடு தானாக அரசுடைமை ஆகிவிடாது. 60ஆவது பிரிவின் கீழ் பறிமுதலாவது சரக்கு, அதை வைத்திருந்த பாத்திரம் பண்டம், ஏற்றிய வண்டி. வீடு நிலம் மீது கை வைப்பது 5அ அத்தியாயம். அது போதைப் பணத்தில் வாங்கிய சொத்துகளைப் பற்றியது. முடக்க உத்தரவு போட்டாலும் 30 நாளுக்குள் தகுதி பெற்ற அதிகாரி உறுதி செய்யாவிட்டால் அது செல்லாது. அப்பா கட்டிய வீடு என்பதற்கான பத்திரம், கட்டட அனுமதி, கடன் கட்டிய ரசீது ஆகியவற்றை எடுத்து வையுங்கள்.

இனி காலி செய்யும் வழி. நோட்டீஸ் போலீஸ் நடவடிக்கைக்குப் பிறகுதான், முன்னால் அனுப்பினால் அது எச்சரிக்கை மணி ஆகிவிடும். கும்பகோணம் மாநகராட்சி எல்லைக்குள் வீடு இருந்தால், 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம் பொருந்தும். இடத்தைத் தவறாகப் பயன்படுத்துவதை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுத்து, பிறகு வாடகை நீதிமன்றத்தில் மனு போட வேண்டும். ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி பீரோவில் வைத்திருந்தால் சிக்கல். வீடு கிராம ஊராட்சியில் இருந்தால் பழைய சொத்து மாற்றுச் சட்டம், மாத வாடகைக்கு 15 நாள் நோட்டீஸ். கணவர் சிறைக்குப் போய் மனைவியும் பிள்ளைகளும் உள்ளே இருந்தாலும் சாமான்களைத் தெருவில் வைக்க முடியாது. காலி செய்யும் வழக்கு நடக்கும் மாதங்களின் வாடகையை வங்கி வழியாகவே, "உரிமைக்குப் பாதகமின்றி" (வாடகை வாங்கியதால் காலி செய்யக் கேட்கும் உரிமை போகாது என்று பொருள்) என்று எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று, உள்ளே இருப்பது கஞ்சாதானா? டெல்டாவில் இப்படி நடமாட்டம் உள்ள வீடுகள் சிலவற்றில் இருப்பது காரைக்கால் மதுபாட்டில், அல்லது ஹான்ஸ் என்ற மெல்லும் புகையிலை மூட்டை. பாட்டிலுக்கு மதுவிலக்குச் சட்டம், ஹான்ஸுக்கு உணவுப் பாதுகாப்புத் துறை, இரண்டுமே என்.டி.பி.எஸ். ஆகாது. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் கதை வேறு. கடல்வழி இலங்கைக்குப் போகும் மூட்டைகள் சில நாள் தங்குவதற்கே வீடு பிடிப்பார்கள், எடை சுலபமாக 20 கிலோவைத் தாண்டும். அங்கே 37ஆவது பிரிவு வந்து ஜாமீன் குதிரைக்கொம்பு ஆகிவிடும். மூன்று மாத வாடகையை முன்பணமாக நீட்டி ஒரு வாரத்துக்கு வீடு கேட்பவருக்குச் சாவியைக் கொடுக்க வேண்டாம் என்று அந்தப் பக்கத்து உறவினர்களிடமும் சொல்லி வையுங்கள்.