எலும்பு தெரியும் புண்ணில் தொடைத் தோல் ஏன் ஒட்டாது?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. பைக் விபத்தில் கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பு முறிந்து, வெளியே கம்பி போட்டிருக்கிறார்கள். புண்ணில் எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. தொடைத் தோலை ஒட்டினால் போதாதா? கெண்டைக்காலிலிருந்து ‘ஃப்ளாப்’ எடுக்க வேண்டும் என்கிறார்கள். நன்றாக இருக்கும் இடத்தை எதற்குப் புண்ணாக்க வேண்டும்? அவருக்கு சிகரெட் பழக்கம் உண்டு.
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தொடையிலிருந்து சீவி எடுக்கும் தோலுக்குச் சொந்தமாக ரத்த ஓட்டம் கிடையாது. முதல் இரண்டு நாள் அடியில் ஊறும் நீரில் பிழைத்துக் கிடந்து, அப்புறம்தான் அங்கிருந்து ரத்தக்குழாய்கள் அதற்குள் வளரும். சிவந்த சதை மேல் வைத்தால் பிடித்துக்கொள்ளும். மேல்சவ்வு உரிந்த வெள்ளை எலும்பில் அது நடக்காது. தோல் கறுத்து உரிந்துவிடும், எலும்பில் சீழ் வைக்கும் அபாயமும் அப்படியே இருக்கும்.

ஃப்ளாப் என்பது தன் ரத்தக்குழாயோடு வரும் தோல் அல்லது சதைத் துண்டு. முழங்கால் பக்கத்துப் புண் என்றால் கெண்டைச் சதையையே திருப்பி மூடலாம். கணுக்கால் பக்கம் வரவரச் சதை குறைந்து தசைநார்தான் மிஞ்சும். அதனால் அங்கே பெரும்பாலும் கெண்டைக்காலின் பின்புறத் தோலை, அடிக்கொழுப்பும் தசையை மூடியிருக்கும் உறையுமாக எடுத்து, கீழே ஒரு காம்பை மட்டும் விட்டுத் திருப்பி வைப்போம். வெளிக்கணுவுக்குச் சுமார் 5 செ.மீ. மேலே வரும் சிறு ரத்தக்குழாய்கள்தான் அந்தக் காம்புக்கு உயிர். உங்கள் மருத்துவர் சொல்வதும் அநேகமாக இதுதான். புண் ரொம்பப் பெரிதென்றால் முதுகிலிருந்தோ தொடையிலிருந்தோ சதையைத் தனியாக வெட்டியெடுத்து, மைக்ராஸ்கோப்பின் கீழ் ரத்தக்குழாய்களை இணைக்க வேண்டியிருக்கும்.

இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். கெண்டைக்காலில் எடுத்த இடத்தை மூட, நீங்கள் கேட்ட அதே தொடைத் தோல்தான் வரும். தழும்பு நிற்கும். பாதத்தின் வெளிஓரம் மரத்துப்போகும். செருப்பு கடித்தாலும் தெரியாது, தினமும் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆபரேஷன் முடிந்த முதல் சில நாட்கள்தான் எங்களுக்கே தூக்கம் வராது. விரலால் ஃப்ளாப்பை அழுத்தி எடுத்து, நிறம் எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று பார்ப்போம். நீலம் பாரித்தால் ரத்தம் வடியவில்லை. வெளுத்துச் சில்லிட்டால் ரத்தம் வரவே இல்லை. எதுவானாலும் நடுராத்திரியிலும் நர்ஸை எழுப்புங்கள். காம்பு பின்பக்கம் இருப்பதால் காலுக்கு நேரடியாகத் தலையணை வைத்து அழுத்திவிடாதீர்கள். கம்பி போட்டிருப்பது இங்கே வசதிதான், அதிலேயே காலைத் தூக்கிக் கட்டிவிடலாம்.

சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சிகரெட்டை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும். அந்த மெல்லிய காம்பு அதைத் தாங்காது. பார்க்க வரும் நண்பர்கள் சட்டைப்பையில் கொண்டுவருவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.