ஃபேட்டி லிவரும் ஹார்ட் அட்டாக்கும்: ஜீன் என்ன செய்கிறது?

போன வாரம் கல்லீரல் கொழுப்பு பற்றிக் கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம் சேர்த்து இங்கே பதில். நான் உயிர்வேதியியல் பாடம் நடத்துகிறவன், மருந்து எழுதித் தருகிறவன் அல்ல. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

கேள்வி: சார், எனக்கு 34 வயது, எடை 61 கிலோதான். குடிப்பழக்கம் கிடையாது. ஸ்கேனில் கிரேடு 1 (லேசான) ஃபேட்டி லிவர் என்று வந்திருக்கிறது. அப்பாவுக்கும் இருந்தது. இது பரம்பரையா?

பதில்: ஓரளவுக்குப் பரம்பரைதான். 2008-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் குழுவினர் பி.என்.பி.எல்.ஏ.3 என்ற மரபணுவில் ஒரு சின்ன மாற்றத்தைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் புரதத்தின் 148-வது இடத்தில் ஐசோலூசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் மெத்தியோனின் என்ற வேறொன்று வந்து உட்கார்ந்துவிடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் இந்த மாற்றத்தைப் பெற்றவர்களின் கல்லீரலில், அது இல்லாதவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொழுப்பு இருந்தது. மாறிய புரதம் கொழுப்புத் துளிகளின் மேல் ஒட்டிக்கொண்டு சீக்கிரம் சிதையாமல் சேர்ந்துகொண்டே போகும். கொழுப்பைக் கரைக்க வேண்டிய நொதியை வேலை செய்யவும் விடாது.

ஆனால் எடையை மட்டும் பார்த்து 'நான் ஒல்லி' என்று சொல்லாதீர்கள். இடுப்புச் சுற்றளவை அளந்து பாருங்கள். நம்மூர் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே வயிற்றுக் கொழுப்பு என்றுதான் கணக்கு. 61 கிலோவிலும் அது இருக்கலாம்.

கேள்வி: அப்படியானால் கல்லீரலில் கொழுப்பேற்றும் ஜீன் இருந்தால் மாரடைப்பு அபாயமும் கூடும். என் கணக்கு சரிதானே?

பதில்: எல்லோரும் போடுகிற கணக்குதான், ஆனால் தப்பு. ஃபேட்டி லிவர் உள்ளவர்களில் கல்லீரல் நோயால் இறப்பவர்களைவிட இதய நோயால் இறப்பவர்களே அதிகம். அது உண்மை. அதற்காக கல்லீரலில் தங்கிய கொழுப்பே நேராக இதயத்தை அடைக்கிறது என்று ஆகிவிடாது.

கல்லீரலை ஒரு நெல் குடோனாக நினைத்துக்கொள்ளுங்கள். குடோன் நிரம்பி வழிய இரண்டு காரணம் இருக்கலாம். வரத்து அதிகமாக இருக்கலாம், அல்லது லாரி கிளம்பாமல் இருக்கலாம். கல்லீரலுக்கு லாரி என்பது வி.எல்.டி.எல். என்ற துகள். கொழுப்பை ஏற்றிக்கொண்டு ரத்தத்துக்குள் போவது அதுதான், பிற்பாடு எல்.டி.எல்.லாக, அதாவது 'கெட்ட கொலஸ்ட்ராலாக' மாறுவதும் அதுதான்.

டி.எம்.6.எஸ்.எஃப்.2 என்ற மரபணுவில் 167-வது இடத்தில் வரும் மாற்றம் லாரியில் சரக்கேற்றுவதைக் கெடுக்கிறது. இந்த மாற்றம் உள்ளவர்களுக்கு கல்லீரலில் கொழுப்பு கூடும், ரத்தத்தில் குறையும். 2014-ல் வந்த நார்வே ஆய்வில், இவர்களுக்குக் கொலஸ்ட்ரால் குறைவு, மாரடைப்பும் குறைவு. கல்லீரல் அடி வாங்கிக்கொண்டு இதயத்தைக் காப்பாற்றுகிறது! பி.என்.பி.எல்.ஏ.3 மாற்றமும் கல்லீரலைச் சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவது) வரை கொண்டுபோகக்கூடியது. ஆனால் 2018-ல் டென்மார்க்கில் பெரிய அளவில் பார்த்தபோது அது இதய நோயைக் கூட்டவில்லை.

நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இருப்பது முதல் வகை, அதாவது வரத்து அதிகம். வயிற்றுக் கொழுப்பு, சர்க்கரை, இன்சுலின் சரியாக வேலை செய்யாதது எல்லாம் சேரும்போது கல்லீரல், கொழுப்பைத் தயாரித்துத் தயாரித்து ரத்தத்துக்குள்ளும் தள்ளுகிறது. ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறும், ஹெச்.டி.எல். என்ற 'நல்ல கொலஸ்ட்ரால்' இறங்கும், எல்.டி.எல். துகள்கள் சிறுத்து அடர்த்தியாகும். இதயத்துக்குக் கெடுதல் இந்த வகையில்தான். ஆக, ரிப்போர்ட்டில் 'கிரேடு 1' என்று ஒரே மாதிரி எழுதியிருந்தாலும் ஆளுக்கு ஆள் அர்த்தம் வேறு.

கேள்வி: அண்ணா, எந்த மருந்தும் எடுக்காமலே எனக்கு எல்.டி.எல். 45. ஆனால் ஃபேட்டி லிவர் இருக்கிறது. சந்தோஷப்படவா, கவலைப்படவா?

பதில்: இரண்டும் கொஞ்சம் கொஞ்சம், தங்கச்சி. தைராய்டு அதிகமாகச் சுரப்பது போன்ற வேறு காரணம் இல்லையென்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களுக்கும் இதே மாதிரி இருந்தால் ஏ.பி.ஓ.பி மரபணுவில் மாற்றம் இருக்கலாம். லாரியின் சேசிஸே இந்த மரபணு தரும் புரதம்தான். இப்படிப்பட்டவர்களுக்கு இதய நோய் குறைவு. கல்லீரலை மட்டும் விட்டுவிடாமல் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அப்போ அந்த லாரியையே நிறுத்த ஒரு மாத்திரை கொடுத்தால் ஹார்ட் அட்டாக்கே வராதே?

பதில்: கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். லோமிடபைட் என்று பெயர். 2012-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எல்.டி.எல். நன்றாகவே இறங்கியது, கல்லீரலில் கொழுப்பு ஏறியது. அதனால் பிறவியிலேயே கொலஸ்ட்ரால் மிகக் கடுமையாக உயர்ந்திருக்கும் அரிய நோயாளிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

பி.சி.எஸ்.கே.9 என்ற புரதத்தைக் குறைப்பது வேறு வழி. அந்தப் புரதம் குறைந்தால், ரத்தத்தில் ஏற்கெனவே ஓடும் எல்.டி.எல்.லைக் கல்லீரல் கூடுதலாகப் பிடித்து இழுத்துக்கொள்ளும். இதையும் ஹாப்ஸ், கோஹன் குழுதான் 2006-ல் காட்டியது. பிறவியிலேயே இந்த மரபணு முடங்கியிருந்த கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்.டி.எல். 28 சதவீதம் குறைவு, இதய நோய் 88 சதவீதம் குறைவு. இன்று போடும் பி.சி.எஸ்.கே.9 ஊசிகளுக்குப் பெரிய உந்துதல் அதுதான்.

கேள்வி: ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?

பதில்: என்னைக் கேட்டால் இப்போதைக்கு வேண்டாம். அந்தக் காசில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. (இரண்டும் கல்லீரல் நொதிகள்), பிளேட்லெட் (ரத்தத் தட்டணுக்கள்), சர்க்கரை, லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) எல்லாம் பார்த்துவிடலாம். முதல் மூன்றையும் வயதையும் வைத்து டாக்டர் ஃபிப்-4 என்ற கணக்குப் போடுவார். 1.3-க்குக் கீழே என்றால் கல்லீரலில் கடுமையான தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வரம்பு வேறு.

கேள்வி: ஃபேட்டி லிவர் இருக்கும்போது கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை போட்டால் கல்லீரல் கெட்டுவிடும் என்கிறார்களே?

பதில்: கெடாது. மேலே சொன்னபடி இதய நோய் அபாயம் அதிகம் என்பதால், ஃபேட்டி லிவர்காரர்களுக்குத்தான் அது அதிகம் தேவைப்படும். சிரோசிஸ் முற்றியவர்கள் விஷயம் வேறு, அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

கேள்வி: ஜீனே மோசம் என்றால் டயட் இருந்து என்ன பிரயோஜனம்?

பதில்: பி.என்.பி.எல்.ஏ.3 மாற்றத்தின் பாதிப்பு எடை கூடக் கூட அதிகமாகும். ஒல்லியாக இருப்பவரிடம் அது பெரிதாக வாலாட்டுவதில்லை. மாற்றம் உள்ளவர்கள் எடை குறைத்தால் கல்லீரல் கொழுப்பு நன்றாகவே இறங்குகிறது. உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைப்பதை இலக்காக வையுங்கள். ஜூஸ், கூல்டிரிங்க்ஸை முதலில் நிறுத்துங்கள். மது, இந்த ஜீன் உள்ளவர்களுக்கு 'கொஞ்சமாக' என்ற பேச்சே வேண்டாம்.